மூட்டு வலிக்கு எந்த மாத்திரையோடு எது சேரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் இணைப்புப் பக்கங்களில் மூட்டுத் தேய்மானத்துக்கான சத்து மாத்திரை விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன. பக்கவிளைவே கிடையாது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற உறுதிமொழி அவற்றில் பலவற்றில் இருக்கிறது. அந்த உறுதிமொழி தவறு. இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு அது எப்படித் தவறாகிறது, சேர்த்துச் சாப்பிடத்தான் வேண்டும் என்றால் எதை எதோடு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருந்தாளுநர்களாகிய நாங்கள் எழுத விரும்புகிறோம். சற்று நீண்ட கடிதம். சுருக்காமல் வெளியிட வேண்டுகிறோம். அளவுகளை வெட்டினால் கடிதத்தால் பயன் இல்லை.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையின் தொழில்கள் பெரும்பாலும் முழங்காலை மடக்கிச் செய்கிறவை. பாசி எடுப்பது, இறால் உரிப்பது, நண்டு உடைப்பது, உப்பளத்தில் வாருவது, பனையேறுவது, முண்டு மிளகாய் பறிப்பது என்று எதை எடுத்தாலும் குத்துக்கால்தான், இல்லாவிட்டால் சுமைதான். ஆகவே முட்டி வலியும் அதற்கான மாத்திரையும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மருந்து வரும் வழிகள் மட்டும் தனித்தனி. பிரஷர், சுகர் மாத்திரைகள் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. வலி மாத்திரை தெருமுனை மெடிக்கலில் வாங்குவது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பெரிய டப்பா ஒன்றும் அலமாரியில் இருக்கும். சித்தப் பிரிவில் வாங்கிய சூரணம் தனி. இந்த நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை. நோயாளி உட்பட.

முதலில் இரட்டிப்பு. மெடிக்கலில் முட்டி வலி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் அசிக்ளோஃபெனாக் 200 ஆகிவிடும். ஒரு நாளுக்கு அதுதான் முழு அளவு. அதற்கு மேல் மாலையில் வலி தாங்காமல் டைக்ளோஃபெனாக் ஊசி 75 போட்டுக்கொள்வார்கள். பெயர் வேறு என்றாலும் இரண்டும் ஒரே குடும்பம். வலி குறைவது அதே அளவில் நின்றுவிடும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடு மட்டும் கூடும். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப், பைராக்சிகாம் ஆகியவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் உடம்பில் இருக்கக் கூடாது. ஊசியும் இந்தக் கணக்கில்தான் வரும். இனி வலி மாத்திரை என்று நாங்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான், பாராசிட்டமாலை அல்ல.

பாராசிட்டமாலிலும் இதே குழி இருக்கிறது. மேலே சொன்ன கூட்டு மாத்திரை இரண்டில் 650 மில்லிகிராம் போய்விட்டது. தனியாக 650 மாத்திரை மூன்று வேளை என்றால் 1,950. சளிக்கு வாங்கிய மாத்திரையில் 500 இருந்து அதையும் மூன்று வேளை போட்டால் 1,500. கூட்டினால் 4,100. பெரியவர்களுக்கு உச்ச வரம்பே 4,000 தான். வயதானவர், மெலிந்தவர் 3,000-ஐத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவருக்கும் தினமும் குடிப்பவருக்கும் இன்னும் குறைத்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். மூன்று மாத்திரைக்கும் மூன்று பெயர் என்பதால் சாப்பிடுகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

எட்டோரிகாக்சிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 60, 90, 120 என்ற அளவுகளில் கிடைக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு நாளொன்றுக்கு 60-தான் உச்சம். பலருக்கு 30 போதும். 120 என்பது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற திடீர் மூட்டு வலிக்கு, அதுவும் அதிகபட்சம் 8 நாளைக்கு. 60-இல் குறையாத வலிக்கு 120 கேட்டு வாங்குவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. இரத்த அழுத்தம் 140/90-க்கு மேலேயே நிற்கிறவருக்கு இந்த மாத்திரை எந்த அளவிலும் கூடாது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கும் கூடாது.

இனி நாங்கள் மிகவும் அஞ்சும் கூட்டணிக்கு வருகிறோம். பிரஷருக்கு எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் இவற்றில் ஒன்று. அதோடு நீர் மாத்திரை. அதோடு வலி மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் ஊர்க் கண்மாயை வைத்தே சொல்லிவிடலாம். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தம் நுழைகிற குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். வலி மாத்திரை அதன் உற்பத்தியை நிறுத்துகிறது. வரத்து மடை சுருங்குகிறது. எனலாபிரிலும் டெல்மிசார்டனும் வெளியேறும் குழாயை விரிக்கின்றன, கலிங்கு அகலமாகிறது. நீர் மாத்திரையோ கண்மாயில் இருக்கும் தண்ணீரையே குறைக்கிறது. வரத்து குறைந்து, போக்கு கூடி, இருப்பும் இல்லாத கண்மாயில் வடிகட்ட அழுத்தம் எங்கே இருக்கும்? இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது. நம் மக்கள் மொழியில், கிட்னியில் உப்பு கூடுகிறது.

இந்த ஊரில் நான்காவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் குடிக்காத உடம்பு. கடலில் இறங்கி நாலைந்து மணி நேரம் பாசி எடுக்கும் பெண்கள், ஒதுங்க இடம் இல்லை என்பதாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். உப்பளத்திலும் கருவேல மரம் வெட்டும் இடத்திலும் வெயில் வேறு. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் குடிப்பதற்கும் கணக்குப் பார்க்கிறார்கள். மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை இந்த உடம்புக்குப் போதாது.

நீர் மாத்திரை சாப்பிடுவதே பலருக்குத் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். டெல்மிசார்டன் 40-உம் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5-உம் ஒரே மாத்திரையில் அடைத்து விற்கப்படுகின்றன. பெயரின் கடைசியில் 'ஹெச்' என்ற ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அந்த எழுத்துதான் நீர் மாத்திரை. அட்டையைப் பார்த்து அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த மும்முனைத் தாக்குதல் இல்லை. ஆனாலும் வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும். வலி மாத்திரையால் ஏறிய பிரஷருக்கு இன்னொரு பிரஷர் மாத்திரை கூட்டப்படுவதும் உண்டு. வலி மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கும்; அது தனி ஆபத்து.

ஆகவே அறுபது கடந்தவர், சுகர் அல்லது பிரஷர் உள்ளவர் வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கும் முன் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல் இருக்கும் நாட்களில் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. எனலாபிரில் வகையையும் நீர் மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் அந்த நாட்களில் தொடரலாமா என்று அன்றைக்கே செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுவிடுங்கள். சிறுநீர் குறைவது, முகமும் காலும் வீங்குவது, காரணமில்லாத குமட்டல், மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத இரண்டை மட்டும் சொல்கிறோம். சாப்பிட்ட பிறகு போட்டால் புண் வராது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. எரிச்சல் குறையும், புண்ணைத் தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் புண் வரும். காரணம் மாத்திரை வயிற்றில் படுவது மட்டுமல்ல, வயிற்றுச் சவ்வைக் காக்கும் பொருளை இரத்தத்தின் வழியாகவே அது குறைக்கிறது. பான்டோபிரசோல் 40 அல்லது ஒமிபிரசோல் 20-ஐக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்தால்தான் காப்பு. வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் பாதுகாப்பு குறைந்துவிடும். இரத்தம் கட்டாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் ஒமிபிரசோலைத் தவிர்த்துப் பான்டோபிரசோல் எடுப்பது நல்லது. இரண்டாவது, இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 எடுக்கிறவர் ஐபுப்ரோஃபெனை முன்னால் போட்டால், ஆஸ்பிரின் வேலை செய்ய வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். எப்போதாவது போட்டே ஆக வேண்டும் என்றால், மேலுறை இல்லாத சாதாரண ஆஸ்பிரினாக இருந்தால் முதலில் அது, அரை மணி நேரம் கழித்து ஐபுப்ரோஃபென். தார் போலக் கறுத்த மலம் என்றால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது விளம்பரங்களின் நாயகர்கள். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்.

குளுக்கோசமைன் எதிலிருந்து வருகிறது என்பது இந்தக் கரைக்காரர்களுக்குச் சுவையான செய்தி. இறால் ஓடு, நண்டு ஓடு. கொட்டகையில் உரித்து ஒதுக்குகிற ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதை அமிலத்தில் சிதைத்துத்தான் பெருமளவு குளுக்கோசமைன் செய்கிறார்கள். சோளத்தை நொதிக்க வைத்துச் செய்யும் வகையும் உண்டு. காண்ட்ராய்டின் மாடு, பன்றி, கோழி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படுவது. எதிலிருந்து என்று டப்பாவில் தெளிவாக எழுதாதவை பல. சைவ உணவுக்காரரும், ஹலால் பார்க்கிறவரும் கேட்டு வாங்குவது அவர்கள் உரிமை. இறால், நண்டு ஒவ்வாதவருக்கு அலர்ஜி தருவது பெரும்பாலும் சதையிலுள்ள புரதம். ஓட்டிலிருந்து எடுத்த குளுக்கோசமைனால் அலர்ஜி வருவது அரிது. ஆனாலும் கடுமையாக மூச்சடைத்த அனுபவம் உள்ளவர் சோள வகையைத் தேடுவதே பாதுகாப்பு.

அளவு: குளுக்கோசமைன் சல்ஃபேட் நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம். காண்ட்ராய்டின் சல்ஃபேட் 800 முதல் 1,200. டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். குளுக்கோசமைன் சல்ஃபேட் தனியாக நிலைக்காது. சோடியம் குளோரைடு அல்லது பொட்டாசியம் குளோரைடோடு சேர்த்துத்தான் நிலைநிறுத்துகிறார்கள். அந்த உப்பையும் சேர்த்து 1,500 என்று எழுதினால் உள்ளே இருப்பது அதைவிடக் குறைவு. மருந்துத் தரத்தில் வரும் ஒரு வகையில் 1,884 மில்லிகிராம் பொடிக்குள் 1,500 குளுக்கோசமைன் சல்ஃபேட்டும் 384 சாதாரண உப்பும் இருக்கின்றன. பிரஷர்காரர் அந்த உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும். பொட்டாசியம் வகையைச் சிறுநீரகம் தளர்ந்தவரும் எனலாபிரில், டெல்மிசார்டன் எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பலன் உண்டா? 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 விழுக்காட்டினருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 விழுக்காட்டினருக்கும் அதே அளவு குறைந்தது. இடையில் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் முடிவு. மிதமானதும் கடுமையானதுமான வலி இருந்த சிறு பிரிவில் மட்டும் 79.2-க்கு 54.3 என்று இடைவெளி தெரிந்தது. விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். 2016-இல் 606 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில் இந்தக் கூட்டு ஆறு மாதத்தில் செலிகாக்சிப்புக்கு இணையாக நின்றது. அதில் மாவு மாத்திரைப் பிரிவே இல்லை. 2017-இல் ஸ்பெயினில் 164 பேரிடம் நடந்ததில் மாவு மாத்திரை இதைவிட நன்றாகச் செயல்பட்டது. 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி, முழங்கால் தேய்மானத்துக்கு இவை வேண்டாம் என்று வலுவாகச் சொன்னது. அதே ஆண்டில் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று மருந்துத் தரக் குளுக்கோசமைன் சல்ஃபேட்டை முதற்படியிலேயே கொடுக்கலாம் என்றது.

எங்கள் கருத்து இது. வாங்கும் வசதி இருந்து, ஆசையும் இருந்தால் ஒரே ஒரு தரமான தயாரிப்பை முழு அளவில் மூன்று மாதம் எடுத்துப் பாருங்கள். வேறு எதையும் அந்த மூன்று மாதத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள். தொடங்கும் நாளில் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். கையூன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்கள் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்பதில்தான் கூலிப் பணம் வீணாகிறது. கடன் வாங்கி இதை வாங்க வேண்டியதே இல்லை.

இதய வால்வு நோய்க்கு அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் குளுக்கோசமைன் பக்கம் போகக் கூடாது. இரத்தம் உறையும் நேரம் நீண்டு கசிவு ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் சாறு மாத்திரைக்கும் அதிக அளவு மீனெண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை.

குளுக்கோசமைனோடு டயாசெரின் 50 சேர்ந்த மாத்திரைகள் இங்கே ஏராளமாக விற்கின்றன. வாங்குகிறவர் அதையும் சத்து மாத்திரை என்றே நினைக்கிறார். டயாசெரின் சத்து அல்ல, மருந்து. வலி குறைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் பலருக்குப் பேதி வந்துவிடும். 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை, 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும், மற்றவர்கள் முதல் இரண்டு முதல் நான்கு வாரம் நாளுக்கு 50 மட்டுமே எடுக்க வேண்டும் என்றும், பேதி வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றும், கல்லீரல் நோய் உள்ளவருக்குக் கூடவே கூடாது என்றும் கட்டுப்பாடு விதித்தது. மேலே சொன்ன வறண்ட கண்மாயை நினைவில் கொள்ளுங்கள்: டெல்மிசார்டன், வலி மாத்திரை, அதோடு டயாசெரின் பேதி. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது இந்த மருந்தின் இயல்பு. அதை மஞ்சள் காமாலை என்று நினைத்து அலைகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே காமாலை வந்தும் மாத்திரையின் நிறம்தான் என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு. கண்ணும் மஞ்சளானால் அது மாத்திரையின் நிறம் இல்லை.

மஞ்சளைப் பொறுத்தவரை குழம்பில் போடும் அளவு ஒரு போதும் பிரச்சினை இல்லை. மருந்தாகவும் அது போதாது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி, சுமார் 3 கிராம், போட்டால் 90 மில்லிகிராம் கிடைக்கும். 2014-இல் தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு நான்கு வாரத்தில் 1,200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்தது, வயிற்று வலியும் குறைவு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் கடையில் வரும் மாத்திரைகளில் உறிஞ்சும் திறனைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது குர்குமினை மட்டுமா உள்ளே விடும்? வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிட்டாயின், இதயத்துக்கு எடுக்கும் புரோப்ரானலால், இளைப்புக்கு எடுக்கும் தியோஃபிலின் ஆகியவற்றின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல் உள்ளவர் தவிர்க்க வேண்டும்.

பாஸ்வெல்லியா என்ற பெயரில் வருவது குந்திரிக்கப் பிசின் சாறு. சிறிய ஆய்வுகளில் நாளுக்கு 100 முதல் 250 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு 90 நாளில் பலன் காட்டியது. சாம்பிராணிக் கடையில் வாங்கிய பிசினைப் பொடித்துத் தின்பது இதற்கு ஈடாகாது. பிரண்டையைத் துவையலாகச் சாப்பிடுவதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை, புளி சேர்த்து நன்றாக வதக்கினால் போதும். சிறுநீரகக் கல் உள்ளவர் அதன் பொடியையும் மாத்திரையையும் தவிர்க்கலாம். மீனெண்ணெய் மாத்திரையைப் பற்றி இந்தக் கரையில் பேசுவதற்கே மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 202 பேரிடம் இரண்டு ஆண்டு பார்த்ததில், நாளுக்கு 4.5 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களைவிட அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. அந்தக் குறைந்த அளவு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை சாளைக் குழம்பில் கிடைத்துவிடும்.

அமுக்கரா சூரணம் எடுப்பவர் தைராய்டு மாத்திரையும் எடுத்தால் இரண்டு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும், தைராய்டு அளவு ஏறக்கூடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். செந்தூரம், பற்பம், மெழுகு வகைகளில் உலோகம் சேர்ந்தவை உண்டு. அவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் அதையும் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி மாத்திரையில் நடக்கும் பிழை எளிது, ஆனால் கொடியது. 60,000 யூனிட் என்பது வாரத்துக்கு ஒன்று, 8 வாரம். அதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடித்துவிடுகிறார்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், மலச்சிக்கல், வாந்தி வந்து, கடைசியில் சிறுநீரகம் பாதிக்கும். டப்பாவிலேயே கிழமையை எழுதி வைப்பது நல்லது. குறைபாடு இருந்தால் எலும்புக்காக எடுக்க வேண்டியதுதான். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. கால்சியம் கார்பனேட் 500-ஐச் சாப்பாட்டோடு எடுக்கவும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மெத்தில்கோபாலமின் மூட்டுக்கானது அல்ல. பல ஆண்டு மெட்ஃபார்மின் சாப்பிட்டு பி-12 குறைந்து பாதம் எரிகிறவருக்கு அது மருந்து. முட்டி வலியையும் பாத எரிச்சலையும் ஒன்றாகச் சொல்லி ஒரே கூட்டு மாத்திரை வாங்குவதால் இரண்டும் சரியாகக் கவனிக்கப்படுவதில்லை.

பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. அட்டையிலிருந்து வெட்டிய மூன்று நான்கு நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, காலை ஒன்று இரவு ஒன்று என்று கொடுக்கும் வழக்கம் நிற்கவில்லை. அதில் டெக்சாமெத்தசோன் அல்லது பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று இருந்தால், இரண்டாம் நாளே படிக்கட்டு ஏறலாம். அதனால்தான் அந்தப் பொட்டலத்துக்கு அவ்வளவு பேர். சில மாதத்தில் முகம் உப்பும், சுகர் எகிறும், எலும்பு இற்றுப்போகும், வலி மாத்திரையோடு சேர்ந்து வயிற்றுப் புண் ஆபத்து பல மடங்காகும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மாதக் கணக்கில் சாப்பிட்டவருக்கு உடம்பின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயங்கி விழுவார். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து.

வரிசை என்று கேட்டால், மாத்திரைக்கு முன்னால் தடவும் ஜெல்லை வைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குள் போவது, மாத்திரையில் போவதில் சுமார் 6 விழுக்காடுதான். முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு மூன்று நான்கு முறை. கடுகளவு எடுத்துத் தேய்த்துவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம். ஒரு கிராம் என்பது ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்கு இரண்டு முறை பிதுக்குவது. கடற்பாறை கீறிய காலிலும் நண்டு கடித்த புண்ணிலும் தடவக் கூடாது, கை கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு, வேலைக்குப் போகும் நாட்களில் மட்டும் தேவைப்பட்டால் பாராசிட்டமால். அதுவும் போதாதபோது மருத்துவர் சொன்ன ஒரே ஒரு வலி மாத்திரை, குறைந்த அளவில், வலி ஏறிய சில நாட்களுக்கு. மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொன்னது வலி மாத்திரைக்கு நன்றாகவே பொருந்துகிறது. தொடையின் முன்தசைக்கான பயிற்சியை மக்களைத் தேடி மருத்துவத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவார், அதைக் கேட்டுப் பெறுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது. எந்த டப்பாவிலும் இது கிடைக்காது.

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகி, அந்த இறுக்கம் விட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றாலோ, முட்டி சிவந்து சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றாலோ அது தேய்மானம் மட்டுமாக இருக்காது. இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் முயலாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். மூட்டு வலி விளம்பரங்களை வெளியிடும்போது உள்ளடங்கிய பொருள்களின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் போட வேண்டும் என்று விளம்பரதாரரைக் கேளுங்கள். இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் டப்பாவில் மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டப்பாவில் இருக்கும் அந்த வரி விளம்பரத்திலும் இருக்கட்டும். இரண்டாவது, வாரத்தில் ஒரு நாள் ஒரு சிறு கட்டம். ஒருவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, வலி மாத்திரை, சத்து மாத்திரை, சூரணம், ஊசி எல்லாவற்றையும் பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதியோடு எழுதி வைக்க ஏற்ற, வெட்டி எடுத்துக்கொள்ளக்கூடிய வெற்றுப் பட்டியலாக அது இருக்கலாம். அந்தத் தாளை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மெடிக்கலிலோ காட்டினால், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எழுதத் தெரியாதவர்கள் எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி.